திருநீறு பூச மறந்த அன்று என் மகள் கேட்ட கேள்வி

பாமணியாறு எழுதியது:

வணக்கம். இந்தக் குழுவை மூன்று வருடமாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 41 வயது. சொந்த ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். இப்போது ஓசூரில் இருக்கிறோம். ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒரே மகள், நாலாம் வகுப்பு படிக்கிறாள்.

போன வியாழக்கிழமை பள்ளி வேனில் ஏறிய பிறகுதான் அன்று திருநீறு பூசவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. வேனிலேயே அழ ஆரம்பித்தவள், வகுப்புக்குப் போன பிறகும் நிறுத்தவில்லை. கடைசியில் ஆசிரியை எனக்கு போன் போட்டு அவளிடம் கொடுத்தார். அவள் கேட்டது ஒன்றுதான்: "அம்மா, நீ நல்லா இருக்கியா? செத்துட மாட்டியே?"

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏனென்றால் அது என் கேள்வி. நான் யாரிடமும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. இவளுக்கு அதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

2019 மார்ச் கடைசி. வருடக் கணக்கு முடிக்கிற நேரம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். விளக்கு ஏற்றவில்லை. சரி, நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு ஊரிலிருந்து போன். அப்பாவுக்கு நெஞ்சு வலி, தஞ்சாவூருக்குக் காரில் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். 63 வயது.

விளக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஏற்றாதது என் கணவருக்குக்கூடத் தெரியாது. அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, பீடியை விடவே இல்லை, மாத்திரையை ஒழுங்காகப் போட்டதும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதியிருக்கிறது என்பதற்காக ஒரு வரவு இன்னொரு செலவுக்குக் காரணமாகிவிடாது என்று தெரிந்துதான் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் அந்த இரவில் எனக்குள் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சனிக்கிழமை எள் தீபம். கும்ப ராசிக்கு ஏழரைச் சனி என்று 2020-இல் ஒரு ஜோதிடர் சொன்னதிலிருந்து நவகிரகம் ஒன்பது சுற்று. ஆறா ஏழா என்று சந்தேகம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. வெளியூர் போனால் சின்னக் காமாட்சி விளக்கைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்வேன். ஏற்காட்டில் ஒரு விடுதியில் எண்ணெய்ப் புகை வாசம் வருகிறதே என்று பையன் வந்து கதவைத் தட்டினான். மாதவிலக்கு நாட்களில் கணவர்தான் ஏற்ற வேண்டும். அலுவலகத்திலிருந்து அவருக்கு மூன்று தடவை போன் போடுவேன். "இதை 11 பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால்" என்று வருகிற செய்திகளை அர்த்தராத்திரியில் எழுந்து அனுப்பியிருக்கிறேன். யாருக்கு அனுப்பினோம் என்று காலையில் பார்க்கும்போது வெட்கமாக இருக்கும்.

இதெல்லாம் அப்பா போனதிலிருந்து வந்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. என்னை வளர்த்தது அப்பாயி. எதற்கும் "ஆத்தா பார்த்துக்கிட்டிருக்கா" என்பாள். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்புக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. எனக்கு ஏழு வயதில் பங்குனியில் வலங்கைமான் பாடைக் காவடிக்குக் கூட்டிப்போனாள். நோயிலிருந்து பிழைத்தவர்கள் பச்சை மூங்கில் பாடையில் பிணம் மாதிரி படுத்துக்கொள்ள, நாலு பேர் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலைச் சுற்றி வருவார்கள். முன்னால் கொள்ளிச்சட்டி. ஒரு அக்கா பாடையில் படுத்திருந்தாள். கண் இமை மட்டும் துடித்தது. அப்பாயி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பார்த்துக்க, குடுத்தவளுக்கு எடுக்கவும் தெரியும்" என்றாள். இன்றைக்கும் அம்மன் என்று நினைத்தால் எனக்கு முதலில் அந்த இமைதான் ஞாபகம் வரும்.

நான் கேட்க வந்தது இதுதான். பயம் இல்லாமல் பக்தி இருக்க முடியுமா? உங்களில் யாருக்காவது பயம் போய் பக்தி மட்டும் மிஞ்சியிருக்கிறதா? எனக்குள் இருந்து பயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஏதாவது இருக்குமா என்றே தெரியவில்லை. அடியில் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது? அப்புறம் என் மகளுக்கு என்ன சொல்வது?

---

கெடிலக்கரை எழுதியது:

அம்மா, பண்ருட்டியிலிருந்து எழுதுகிறேன். 68 வயது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டிலிருந்து திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் நடந்து போகிற தூரம்தான்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் ஊர்க் கோயிலில் நின்ற ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். அப்பர். சமண சமயத்தில் தருமசேனர் என்று பெரிய பதவியில் இருந்தவருக்குச் சூலை நோய் வந்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. இரவோடு இரவாக அக்கா திலகவதியாரிடம் வந்து விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்து எங்கள் கோயிலுக்குள் கூட்டிப்போனார். அங்கே அவர் பாடிய முதல் பாட்டு ஞானப் பாட்டு இல்லை. வலி தாங்காமல் கதறிய பாட்டு. "கூற்றாயினவாறு விலக்ககிலீர்", அதாவது எமன் மாதிரி வந்து வதைக்கிறதே, இதை விலக்க மாட்டீரா என்று. எந்தப் பிறவியில் என்ன கொடுமை செய்தேனோ, எனக்குத் தெரியவில்லையே என்று அதிலேயே புலம்புகிறார். உங்கள் மாதிரியேதான் அம்மா. வந்த துன்பத்துக்குத் தன் தவறு எங்கே என்று தேடுகிறார்.

அதே மனிதர்மேல் பின்னால் யானையை ஏவினார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்போது பாடியதாக வருவது "அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை." பாட்டு முழுக்க, எங்கள் கெடில ஆற்றை உடையவரின் ஆள் நான் என்றே சொல்லிக்கொள்கிறார். இரண்டு பாட்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே சாமியிடம். முதல் பாட்டைப் பாடியவருக்குப் பக்தி இல்லை என்று எந்தச் சைவரும் சொன்னதில்லை. அதுவும் தேவாரத்தில்தான் இருக்கிறது, அவர் பாடியதில் முதலிலேயே இருக்கிறது.

இன்னொன்று. திலகவதியார் கொடுத்த திருநீறு வலித்தவனுக்குக் கொடுத்த மருந்து. பூசாவிட்டால் பார் என்று கொடுத்ததில்லை. உங்கள் மகளுக்கு நெற்றியில் வைக்கும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு கோயிலில் நடராசர் முன்னால் நிறுத்தி, விரித்துக் காட்டியிருக்கிற அந்த வலது கையைக் காட்டுங்கள். அந்தக் கை சொல்வது "அஞ்சேல்" என்பதுதான். 35 வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் சொன்னதைவிடப் பார்த்ததைத்தான் வைத்துக்கொள்வார்கள்.

---

நளன்குளத்துக்காரன் எழுதியது:

ஏழரைச் சனி பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதைப் பெரியவர்கள் சொல்லட்டும். எனக்குத் திருநள்ளாற்றுக்குப் பக்கத்து ஊர். சனி ஒரு ராசியில் இரண்டரை வருடம், மொத்தச் சுற்று ஏறக்குறைய முப்பது வருடம். அப்படியென்றால் எந்த நேரத்திலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்கு ஏழரை நடந்துகொண்டிருக்கும். உங்கள் அலுவலகத்தில் நாலில் ஒருவருக்கு. அவர்கள் வீட்டிலெல்லாம் என்ன நடந்துவிட்டது?

இன்னொன்றும் கவனியுங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி கும்பத்திலிருந்து மீனத்துக்குச் சனி மாறியது 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச்சில்தான். எங்கள் கோயிலில் வாக்கியம்தான். நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருடம். உங்கள் ஜென்மச் சனி, அதாவது சனி உங்கள் ராசியிலேயே இருக்கிற காலம், முடிந்துவிட்டதா இல்லையா என்பது சுவரில் எந்தப் பஞ்சாங்கம் தொங்குகிறது என்பதைப் பொறுத்தது. நான் சனீஸ்வரனைக் கும்பிடுகிறவன்தான். குளத்தில் முழுகி எழுந்தால் எனக்கு மனசு லேசாகும், அதற்காகப் போகிறேன். சுற்றை எண்ணிக்கொண்டு பயப்படுகிற இடமாக அதை ஆக்காதீர்கள்.

---

வைகைப்பெண் எழுதியது:

தோழி, நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். "ஆறா ஏழா என்று சந்தேகம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து." இது எனக்குத் தெரிந்த வரி.

எனக்கு மதுரை. 29 வயதில் லலிதா சகஸ்ரநாமம் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் மனசில் ஏதாவது தப்பான எண்ணம் வந்துவிட்டால் பலன் இல்லை என்று தோன்றும், திரும்ப ஆரம்பிப்பேன். சந்நிதியில் நிற்கும்போது அம்மனைப் பற்றியே அசிங்கமான எண்ணங்கள் வரும். நான் நினைக்கவில்லை, அதுவாக வரும். அதற்குப் பரிகாரமாக 108 தடவை ஒரு நாமம். அதிலும் எண்ணிக்கை சந்தேகம். நாற்பது நிமிடத்தில் முடிந்த பூஜை மூன்று மணி நேரம் ஆனது. வேலையை விட்டேன். வீட்டில் எல்லோரும் என்ன பக்தி என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே எரிந்துகொண்டிருந்தேன்.

என் அண்ணி வற்புறுத்தி ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். இதற்குப் பெயர் ஓ.சி.டி., வேண்டாத எண்ணமும் அதற்காகச் செய்கிற செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வருகிற நோய் என்றும், சிலருக்கு அது கை கழுவுவதாக வரும், சிலருக்குக் கதவுப் பூட்டாக வரும், சிலருக்குச் சாமி மேல் வரும் என்றும் அவர் சொன்னபோது நான் அழுதேன். ஆயிரம் பேருக்கு வருகிற ஒரு நோய்தான், சாபம் இல்லை என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. கிறிஸ்தவத் துறவிகள் நடுவிலும் இது இருந்திருக்கிறது. இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா, செய்த பாவத்தையெல்லாம் சொல்லிவிட்டோமா என்ற சந்தேகத்தில் திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்து, உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போனவர்.

சிகிச்சை எப்படி என்றால், மாத்திரை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எதைச் செய்யாமல் இருக்கப் பயப்படுகிறோமோ அதைச் செய்யாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தப்பான எண்ணம் வந்தாலும் மேலே சொல்லிக்கொண்டு போக வேண்டும், திரும்பக் கூடாது. முதல் நாள் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. நாற்பது ஐம்பது நிமிடம் ஏறிக்கொண்டே போய், பிறகு தானாக இறங்கியது. அதுவாக இறங்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது, ஏனென்றால் ஒரு தடவைகூட நான் அதை இறங்க விட்டதில்லை. அதற்குள் பரிகாரம் செய்துவிடுவேன்.

மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் ரமண மந்திரம் இருக்கிறது. 1896 ஜூலையில் அந்த வீட்டு மாடியில்தான் பின்னாளில் ரமண மகரிஷி ஆன வேங்கடராமன் என்கிற 16 வயதுப் பையனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. அவர் டாக்டரைக் கூப்பிட ஓடவில்லை, சாமி அறைக்கும் ஓடவில்லை. சரி, சாவுதானே வருகிறது, என்னதான் சாகிறது பார்ப்போம் என்று பிணம் மாதிரி விறைத்துப் படுத்துவிட்டார். ஆறு வாரம் கழித்து திருவண்ணாமலை. அவருக்கு நடந்ததும் எனக்கு நடந்த சிகிச்சையும் ஒன்று என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் சிகிச்சை நடந்த மாதங்களில் அந்த மாடி அறையில் போய் உட்கார்ந்திருப்பேன். பயத்தை விட்டு ஓடாமல் ஒருவர் படுத்த இடம் என்பது எனக்குத் துணையாக இருந்தது.

மகள் விஷயம் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவள் "நீ செத்துட மாட்டியே" என்று கேட்கும்போது "மாட்டேன் கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருந்தால் அது பயத்துக்குத் தீனி. இதை எனக்கு மருத்துவரே சொன்னார், என் அண்ணியையும் உட்கார வைத்துச் சொன்னார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 14416, அரசு நடத்துகிற டெலி மானஸ் எண். தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உங்களுக்கு என்ன என்று நான் முடிவு சொல்லவில்லை. ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்போதும் சகஸ்ரநாமம் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும், முப்பத்தைந்து நிமிடம்.

---

மேலூர்க்காரன் எழுதியது:

எல்லோரும் பயத்தை ஒரு பிசாசு மாதிரிப் பேசுகிறீர்கள். எனக்கு வேறு அனுபவம், அதையும் பதிவு செய்கிறேன்.

52 வயது. லாரி பட்டறை வைத்திருக்கிறேன். 22 வயதில் குடிக்க ஆரம்பித்தேன். அம்மா அழுதார், பொண்டாட்டி அழுதாள், பிள்ளை காலைக் கட்டிக்கொண்டது. அன்பு என்னை நிறுத்தவில்லை. அன்பு இருக்கிற இடத்தில்தான் தைரியமாகக் குடித்தேன், மன்னித்துவிடுவார்கள் என்று தெரியும்.

2011-இல் அம்மா என்னை அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். உள்ளே சிலை என்று ஒன்றும் கண்ணில் படாது. சந்தனம் பூசிய கதவுதான், அதுதான் சாமி. எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்தக் கதவு முன்னால் வந்துதான் முடியும். கோர்ட்டில் பொய் சொல்கிறவன்கூட அங்கே சொல்ல மாட்டான். சூடத்தை அணைத்து இனித் தொட மாட்டேன் என்றேன். சொல்லும்போது முழங்கால் நடுங்கியது. 14 வருடம் ஆகிறது, ஒரு சொட்டு இல்லை. பயம் இல்லாவிட்டால் நான் இன்று இல்லை. எனவே தங்கச்சி, பயத்தை அடியோடு பிடுங்கிப் போட அவசரப்படாதீர்கள்.

---

பாமணியாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் நாலைந்து தடவை படித்துவிட்டேன்.

மேலூர் அண்ணன் எழுதியதை இரண்டு நாள் மனசில் வைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பயம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது அண்ணா. கருப்பன் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அது என்னவென்று உங்களுக்குத் தெரியும், உங்கள் கையில் இருக்கிறது, செய்தால் முடிந்தது. மற்ற நேரத்தில் நீங்கள் பட்டறையைப் பார்க்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். என்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்றே எனக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறேன், எவ்வளவு செய்தாலும் கணக்கு முடிவதில்லை.

---

மேலூர்க்காரன் எழுதியது:

நீங்கள் சொன்ன பிறகுதான் யோசித்தேன். முதல் வருடம் ராத்திரியில் நாய் குரைத்தால்கூட உடம்பு வேர்க்கும், அவர்தான் வருகிறார் என்று. இப்போது அந்த வாசலில் நின்றால் அப்படி இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பார்த்து, நல்லாத்தான் இருக்கேன்யா என்று சொல்லிவிட்டு வருகிற மாதிரி இருக்கிறது. எப்போது மாறியது என்று தெரியாது. மாறியிருக்கிறது.

---

பொருநைப்பிள்ளை எழுதியது:

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். நான் கிறிஸ்தவள், இங்கே எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன்.

சின்ன வயதில் எங்கள் சபையில் இரகசிய வருகை பற்றித்தான் எப்போதும் பிரசங்கம். ஆண்டவர் திடீரென்று வருவார், விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். வயலில் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவன் எடுத்துக்கொள்ளப்படுவான். ஒன்பது வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது, வீட்டில் ஒருவரும் இல்லை. வருகை வந்துவிட்டது, அம்மா போய்விட்டாள், நான் விடப்பட்டேன். அப்படியே பையோடு பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கிறார் என்றால் வருகை வரவில்லை. அந்த நிம்மதியில் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போயிருந்தாள். அன்று ராத்திரியிலிருந்து ரொம்ப நாள் அம்மாவின் முந்தானையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு நாற்பது வயதான பிறகுதான் சொன்னேன். "அட பாவி மக, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

வேதத்தில் யோவான் முதல் நிருபம் நாலாம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று. எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு அடுத்து "பயமானது வேதனையுள்ளது" என்று வருகிறது. 31 வருடம் வார்டில் இருந்தவளுக்கு அந்த "வேதனையுள்ளது" என்கிற வார்த்தை பிடிக்கும். அது பயப்படுகிறவளைத் திட்டவில்லை. உனக்கு வலிக்கிறது என்று சொல்கிறது.

மகளிடம் உங்கள் பயத்தை மறைக்காதீர்கள். அம்மாவுக்கும் இந்தப் பயம் இருக்கு, எங்கேயிருந்து வந்தது என்று அம்மா தேடிப்பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். எனக்கு யாராவது அதைச் சொல்லியிருந்தால் முந்தானை தேவைப்பட்டிருக்காது.

---

பாமணியாறு எழுதியது (ஏழு வாரம் கழித்து):

திரும்ப வந்து எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

14416-க்குப் பேசினேன். அவர்கள் சொன்னபடி ஒரு மருத்துவரைப் பார்த்தேன். வைகைப்பெண் சொன்னது பெரும்பாலும் சரி. எனக்கு மாத்திரை ஒன்று, வாரம் ஒரு தடவை பேச்சு. மகளைக் குழந்தைகளுக்கான ஆலோசகர் ஒருவர் பார்க்கிறார். இது ஒரு பக்கம்.

பொருநை அக்கா "எங்கேயிருந்து வந்தது" என்று எழுதியிருந்தது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆடி முதல் வாரம் ஊருக்குப் போனேன். ராத்திரி திண்ணையில் அம்மாவிடம் கேட்டேன், அப்பாயி எப்பவுமே இப்படித்தானா என்று. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்.

அப்பாவுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள். ஒரு பெண் 6 வயது, ஒரு பையன் 4 வயது. 1958-இல் பெரியம்மை வந்தது. அதற்கு முந்தைய மாதம் ஊருக்கு அம்மை குத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள். ஊசி போட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று அப்பாயி இரண்டு பிள்ளைகளையும் நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். பத்து நாள் இடைவெளியில் இரண்டும் போய்விட்டன. என் அப்பா அப்போது இரண்டு வயதுக் குழந்தை, பாட்டன் ஊரில் இருந்ததால் தப்பித்தார். எல்லாம் முடிந்த பிறகு அப்பாயி, யாரிடமும் சொல்லாமல், அவரைத் தூக்கிக்கொண்டு மன்னார்குடிக்கு நடந்தே போய் ஊசி போட்டு வந்திருக்கிறாள். வந்த அன்றைக்கே மாரியம்மன் கோயிலுக்குப் போய் விழுந்து கிடந்தாளாம். சாகிற வரை விளக்கு நின்றதில்லை. எதற்கு மன்னிப்புக் கேட்டாள், மூத்த இரண்டுக்கும் ஊசி போடாததற்கா, மூன்றாவதுக்குப் போட்டதற்கா? அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பாயி ஒரே ஒரு தடவைதான் இதைச் சொன்னாளாம்.

அப்பாவின் கையில் இரண்டு வட்டத் தழும்பு இருக்கும். சின்ன வயதில் அவர் மடியில் படுத்துக்கொண்டு அதில் விரல் வைத்துத் தடவிக்கொண்டிருப்பேன். நாலணா மாதிரி இருக்குப்பா என்பேன். அதைப் பார்த்தால் அப்பாயி எழுந்து உள்ளே போய்விடுவாள். ஏன் என்று எனக்கு 41 வயதில் தெரிகிறது.

அப்பாயி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வலங்கைமானில் என் கையை அப்படி அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றவள் என்னைப் பயமுறுத்தத்தான் அப்படிச் செய்தாள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பாடையில் படுத்து எழுந்துவிட்ட யாரோ ஒருத்தியின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள் அவள்.

மருத்துவர் கொடுத்த வேலைகளில் ஒன்று, ஒரு நாள் வேண்டுமென்றே விளக்கு ஏற்றாமல் இருப்பது. ஊரிலிருந்து வந்த மறு சனிக்கிழமை செய்தோம். மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஆறரைக்கு இருவரும் பூஜை அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தோம். ஏழு மணிக்கு மேல் அவளுக்கு அழுகை. "உனக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. "தெரியாது கண்ணு. எனக்கும் பயமாத்தான் இருக்கு. பக்கத்துல வந்து உட்காரு" என்றேன். என் கை ஐஸ் மாதிரி இருந்தது, அவள் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, உனக்கும் இருக்கு" என்றாள். எட்டே முக்காலுக்கு மடியில் தூங்கிப்போனாள்.

நான் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு போன் போட்டு அம்மா நன்றாக இருக்கிறாளா என்று கேட்கலாம் என்று இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் கீழே வைத்தேன். ஒன்பதரை வாக்கில் ஏதோ தளர்ந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. அப்பாவுக்காக. அவருடைய கை, பீடி வாசம், என்னை மன்னார்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டு பஸ் திரும்புகிற வரை நிற்பது. ஆறு வருடத்தில் அவருக்காக அப்படி ஒரு தடவைகூட நான் அழவில்லை. அவர் இறந்த அன்றிலிருந்து நான் விளக்கைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பயத்தை எடுத்தால் அடியில் என்ன இருக்கும் என்று கேட்டிருந்தேன் இல்லையா. அன்றைக்கு இருந்தது இது. பக்தியா என்று தெரியவில்லை. ஒன்றுமே இல்லாமல் போகவில்லை.

சுற்று எண்ணுவது இன்னும் முழுதாகப் போகவில்லை. போன வாரம்கூட ஐந்தாவது சுற்றில் நின்று தடுமாறினேன். எண்ணாமல் வெளியே வந்துவிட்டேன், வண்டி நிறுத்துமிடம் வரை கால் பின்னாலேயே இழுத்தது.

இந்த வெள்ளிக்கிழமை மாலை விளக்கு ஏற்றினேன். ஏற்றலாம் என்று தோன்றியது, ஏற்றினேன். மகள் பக்கத்தில் வந்து நின்று, "இன்னைக்கு எதுக்கு?" என்றாள். அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்ததைப் பற்றிச் சொல்லவில்லை, அம்மை வந்து இறந்துபோனார்கள், தாத்தாவின் அக்காவும் அண்ணனும் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் பேர் என்ன என்று கேட்டாள். பெண்ணின் பெயர் மட்டும் அம்மாவுக்குத் தெரியும். பையன் பெயர் தெரியாது. நீடாமங்கலத்தில் அப்பாவின் அத்தை ஒருவர் இருக்கிறார், தொண்ணூறு வயது. அவருக்குத் தெரிந்திருக்கலாம். அடுத்த மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.